மண்ணு ரேஸ் வண்டியத் தேடி ராணிப்பேட்டை வரைக்கும்

ஆம்பூர உட்டு நான் வெளிய போறதே கம்மி. போனா திருப்பத்தூர்ல தங்கச்சி வூடு, இல்லன்னா ஆடி மாசம் கோயிலு. இந்த வாட்டி என் மருமக சாந்தியோட ராணிப்பேட்டை வரைக்கும் போய்ட்டு வந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச அவதான் போன்ல ஏத்துனா. அவளப் பத்தி சொன்னதையெல்லாம் எடுத்துட்டாளோன்னு சந்தேகப்பட்டு திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் இருக்குது. நல்ல பொண்ணுதான், வாய்தான் ஜாஸ்தி.

தண்ணி லாரிகிட்ட குடத்தோட நின்னுக்கினு இருந்தேன். எதுத்த வூட்டு முருகன் ஜேசிபி ஓட்டுறவன். ஆத்தோரம் மூடிக் கெடந்த பழைய தோல் டேனரிய அவங்கதான் இடிச்சிக்கினு இருந்தாங்க. அவன் என்னைப் பாத்து வண்டிய ஓரங்கட்டி எறங்கி வந்தான்.

"ஆயா, உங்க வூட்டுக்காரரு வேல செஞ்ச உப்பு குடோன இடிச்சோம். உள்செவுத்துக்குப் பின்னால ஒரு பைக்கு இருந்துச்சு. ஹெட்லைட்டே இல்ல. முன்னால மட்கார்டு டயர உட்டு ஒரு முழம் மேல தூக்கிக்கினு நிக்குது. இன்னா வண்டின்னே தெரியல."

என் மொற வந்துச்சு, போச்சு. நான் குடத்த வெக்கல. பின்னால இருந்த பொம்பள என்னைத் தாண்டி ரெண்டு குடம் புடிச்சிட்டா.

அது சத்தார் பாய் வண்டி. சத்தார் பாய் அந்த டேனரில ஃபிட்டரு. எங்க வூட்டுக்காரரு ஏழுமல அங்கியே உப்பு குடோன பாத்துக்கினவரு. ரெண்டு பேரும் தோஸ்த்து. ஒரே பீடிய பாதி பாதி குடிப்பாங்க. அந்தக் காலத்துல மெஷினு மாட்டுறதுக்கு வெளிநாட்டுல இருந்து ஒரு தொர வந்தாரு. மண்ணுல, மேட்டுல, பள்ளத்துல ஓட்டுற ரேஸ் வண்டி ஒண்ணக் கூடவே கொண்டாந்தாரு. திரும்பிப் போறப்போ சத்தார் பாய்க்கு அத குடுத்துட்டுப் போனாரு. செவப்பு வண்டி. சீட்டு நீட்டா பலக மாதிரி இருக்கும். டயர்ல கடல மிட்டாய் மாதிரி கட்டி கட்டியா நிக்கும். ஸ்டார்ட் பண்ணா பாலாத்துல அந்தக் கரை வரைக்கும் கேக்கும்.

பாலாத்துல எப்போ தண்ணி இருந்துச்சு? மணலுதான். ஞாயித்துக்கெழமையானா சத்தார் பாய் அந்த மணல்ல வண்டிய உடுவாரு. மேட்டுல ஏறி அப்படியே ஆகாயத்துல நிப்பாரு, ஒரு மூச்சு நேரம். கீழ வந்து உழுறப்போ மணலு மழ மாதிரி தெறிக்கும். எங்க வூட்டுக்காரரு ஓட்ட மாட்டாரு, பயம். கரையில நின்னு கை தட்டுவாரு. நான் ஓட்டுனேன். கல்யாணமாகி வந்த புதுசு. பொடவைய தூக்கிச் சொருகிக்கினு ஏறி ஒக்காந்தேன். சத்தார் பாய் சிரிச்சிக்கினே கிளட்ச்ச காட்டிக் குடுத்தாரு. கொஞ்ச தூரம் போனேன். பெட்ரோலும் ஆயிலும் கலந்த பொக மூஞ்சில அடிச்சது. என் முடியெல்லாம் அவுந்து பின்னால பறந்துச்சு. அப்புறம் மணல்ல மல்லாக்க உழுந்தேன். உழுந்து கெடந்துக்கினே சிரிச்சேன். என் மாமியாரு ஒரு வாரம் என் கையால சோறு வாங்கித் துன்னல. அது அவங்க இஷ்டம்.

சத்தார் பாய் சவுதிக்குப் போறப்போ வண்டிய எங்க வூட்டுக்காரருகிட்ட உட்டுட்டுப் போனாரு. லீவுல வந்து கேட்டாரு. இவரு காணாம போச்சுன்னாரு. எப்புடிப் போச்சு, யாரு எடுத்தா, ஒண்ணும் சொல்லல. பஜார் டீக்கடையில, அத்தன பேர் முன்னால, சத்தார் பாய் கேட்டாரு, "வித்துத் துன்னுட்டியாடா?" இவரு தலைய குனிஞ்சிக்கினு வந்துட்டாரு. அன்னையில இருந்து எங்க வூட்டுக்கு வண்டிமுழுங்கின்னு பேரு. என் புள்ளைய ஸ்கூல்ல வண்டிமுழுங்கி மவனேன்னுதான் கூப்புட்டானுங்க. சாந்தி கல்யாணமாகி வந்தப்போ தெருக்கோடியில எவனோ, இதான் வண்டிமுழுங்கி மருமகளான்னு கேட்டிருக்கான். அவரு செத்தப்போ சத்தார் பாய் வரல. பேருதான் நின்னுச்சு. நானும் கேட்டுருக்கேன், சாவுறதுக்கு முன்னால கூட. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு.

இப்போ வண்டி குடோன்லயே இருந்துச்சுன்னு முருகன் சொல்றான். வித்துத் துன்னல. அத சத்தார் பாய் கண்ணால பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

டேனரிக்கு ஓடுனோம். வண்டி இல்ல. இரும்பெல்லாம் காலையிலயே லாரில ஏத்தி வேலூர் காயலாங்கடைக்குப் போய்டுச்சாம். அங்க கேஸ் வெச்சு துண்டு துண்டா வெட்டிடுவாங்களாம். மேஸ்திரி குடுத்த நம்பருக்குப் போட்டா சுவிட்ச் ஆஃப். சாந்தி ஷூ கம்பெனில தையல் லைனு பாக்குறா. ஆர்டர் நேரம், லீவு கெடைக்காது. போன எடுத்து, மாமியாருக்கு சீரியஸ், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறேன்னு சொல்லிட்டா. நான் பக்கத்துல நின்னு வெத்தல போட்டுக்கினு இருந்தேன்.

"இருமாத அத்த, சீரியஸா இருக்கற ஆளு மாதிரி இரு"ன்னா. சீரியஸா இருக்கறவங்க இரும மாட்டாங்களா?

பஸ்ஸு பள்ளிகொண்டா தாண்டி பஞ்சர். எல்லாரையும் எறக்கி ரோட்டோரம் நிக்க வெச்சிட்டாங்க. ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. டிரைவரு யாருக்கோ போன் பண்றாரு, பண்ணிக்கினே இருக்காரு. லாரிங்க சர்ரு சர்ருன்னு போவுது. ஒவ்வொரு இரும்பு லாரியையும் நான் எட்டி எட்டிப் பாத்தேன், அதுல இருக்குமோன்னு. ஒரு அம்மா கூடையில கொய்யாக்கா வித்தாங்க. மொளகாத்தூள் தூவி ஒண்ணு வாங்கினேன். பல்லு இல்லாட்டியும் வாயில அதக்கிக்கலாம். நம்மூரு கொய்யாவ உட இது இனிப்பு கம்மி, வாசன ஜாஸ்தி.

பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க உருதுல பேசிக்கினாங்க. ஒருத்தி சொல்றா, இந்தக் கெழவி நிக்கற நெலயப் பாத்தா, பஸ்ஸ தானே தள்ளிக்கினு போய்டும் போலன்னு. நான் பொறந்ததே பள்ளிவாசல் தெரு, எனக்கா புரியாது. "தள்ளுறதுன்னா நீங்களும் கை குடுக்கணும்மா"ன்னு உருதுலயே சொன்னேன். அதுங்க ரெண்டும் வாயப் பொத்திக்கினு சிரிச்சிதுங்க. அப்புறம் எனக்கு ஒரு கட்டையப் போட்டு ஒக்கார வெச்சிதுங்க.

வேலூர் போய்ச் சேந்தப்போ காயலாங்கடையில ஷட்டர எறக்கிட்டாங்க. வாட்ச்மேன் வேர்க்கடல உரிச்சிக்கினு இருந்தாரு. கனத்த இரும்பெல்லாம் இங்க எறக்கலம்மா, நேரா ராணிப்பேட்டை யார்டுக்குப் போய்டுச்சு, கட்டரு அங்கதான் இருக்குதுன்னாரு. ராத்திரில வெட்டுவாங்களான்னு சாந்தி கேட்டா. காலையில ஆரம்பிப்பாங்கன்னாரு. எத்தன மணிக்குன்னு அவருக்குத் தெரியல.

அன்னிக்கு சத்துவாச்சாரில சாந்தியோட அக்கா வூட்டுல தங்குனோம். சப்பாத்தியும் குருமாவும் போட்டா. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ராத்திரில எனக்கு சோறு எறங்குனாதான் தூக்கம். ஏசி ரூம்புல படுக்க வெச்சா. ஐஸ் பொட்டியில மீன வெச்ச மாதிரி கெடந்தேன். சாந்தி அதுக்குள்ள சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா போன் பண்ணி, சத்தார் பாய் இப்போ மேல்விஷாரத்துல மக வூட்டுல இருக்காருன்னு கண்டுபுடிச்சி நம்பரையும் வாங்கிட்டா. அந்தப் புத்தி எனக்கு வராது.

காலையில வேலூர் பஸ் ஸ்டாண்டு. சாந்தி இட்லி பார்சல் வாங்கப் போனா. போறப்போ சொன்னா, "அத்த, நான் வர்ற வரைக்கும் எதுலயும் ஏறாத." ஒரு பஸ்ஸுல கண்டக்டரு ஆற்காடு ராணிப்பேட்டன்னு கத்துறாரு. உள்ள ஜன்னல் சீட்டு காலியா இருக்குது. எடத்தப் புடிச்சி வெப்போம்னு ஏறி, முந்தானைய பக்கத்து சீட்டுல விரிச்சி ஒக்காந்தேன். பஸ்ஸு நகந்துடுச்சு. ஆளு வருதுப்பா, ஆளு வருதுப்பான்னு நான் சொல்றேன், கண்டக்டரு எல்லாரும் வந்தாச்சும்மான்றாரு. ஜன்னல் வழியா பாத்தா சாந்தி கையில பார்சலோட ஓடி வர்றா. ஓடியாற வேகத்த பாத்தா பஸ்ஸுல இருந்து எறங்கி ஓடலாம்னு இருந்துச்சு. அவ்ளோ கோவம் மூஞ்சில.

டிக்கெட்டுக்குக் காசும் அவகிட்டதான். பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு எனக்கும் சேத்து எடுத்துட்டு, நான் மனப்பாடமா சொன்ன நம்பர்ல சாந்திக்குப் போன் போட்டுக் குடுத்தா. சாந்தி போன்ல ஒரே வார்த்ததான் சொன்னா. "ஆற்காட்டுல எறங்கி நில்லு."

நின்னேன். ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கினு நின்னேன். சாந்தி வந்து சேர்றதுக்குள்ள அங்க வண்டிய வெட்டிடுவானுங்களோன்னு பயமாப் போச்சு. அந்த பயத்துல பசி வேற. இடுப்புல முடிஞ்சி வெச்சிருந்த, டிக்கெட்டுக்குப் பத்தாத சில்லறையில ஒரு மக்கன் பேடா வாங்கினேன். அத பத்தி சொல்லியே ஆகணும். மேல ஜீரா, உள்ள முந்திரி, வாயில வெச்சா தானா கரையுது. பல்லு இல்லாதவங்களுக்குன்னே எந்த நவாபோ செய்யச் சொல்லியிருக்கணும். பிரியாணியில ஆம்பூர ஒருத்தனும் ஜெயிக்க முடியாது, அது வேற. இனிப்புன்னா ஆற்காடுதான், ஒத்துக்குறேன். ஜீரா ஒழுகுற கையோட நிக்கறப்போதான் சாந்தி வந்து எறங்குனா. கைக்குட்டைய எடுத்து என் மோவாயத் தொடச்சா. திட்டியிருந்தா பரவால்ல.

பாலாத்துப் பாலத்தத் தாண்டி ராணிப்பேட்டை. கம்பெனிங்க இருக்கற எஸ்டேட் பக்கம் ஷேர் ஆட்டோ புடிச்சோம். கண்ணு எரியிற காத்து, நம்மூரு டேனரி வாசனைக்கு அக்கா மொற. தூரத்துல இருந்தே நீல நெருப்பு தெரிஞ்சுது. சாந்தி என் கையப் புடிச்சிக்கினு ஓட ஆரம்பிச்சா. ஆஸ்பத்திரில சீரியஸா இருக்கற மாமியாரு.

கட்டர புடிச்சிக்கினு இருந்தது வடநாட்டு ஆளு, கறுப்புக் கண்ணாடி போட்டவரு. ஒரு பாய்லர பாதி வெட்டியிருந்தாரு. அதுக்குப் பக்கத்துல, அடுத்தது வெட்டுறதுக்கு இழுத்துப் போட்டு வெச்சிருந்தாங்க, அத.

செவப்பு எங்கியும் இல்ல. கருப்பட்டி மாதிரி நெறம். டாங்க்கு ஓட்ட. டயரு கிழிஞ்ச செருப்பு மாதிரி தொங்குது. ஆனா அந்த மட்கார்டு மட்டும் அப்பவும் ஆகாயத்தப் பாத்துக்கினு நிக்குது. நான் அத தொட்டேன். உள்ளங்கையில தொரு ஒட்டிக்கிச்சு.

யார்டு ஓனரு சின்ன வயசு. மரியாதையாத்தான் பேசுனாரு. லாட்டா எடைக்கு வாங்குனது ஆயா, மத்தியானம் லோடு ஏறணும், தனியா எடுத்துக் குடுக்க முடியாதுன்னாரு. எனக்குக் குடுக்க வேணாம்பா, ஒரு ஆளு வந்து பாக்குற வரைக்கும் வெட்டாதன்னேன். யாரு வருவாங்க, எப்போ வருவாங்கன்னு கேட்டாரு. நான் சாந்தியப் பாத்தேன். சாந்தி போன காதுல வெச்சிக்கினு தள்ளிப் போய் நின்னா. பேசுனா, கேட்டா, பேசுனா. திரும்பி வந்தப்போ மொகமே சரியில்ல. வண்டியும் வேணாம், அவன் பேச்சும் வேணாம்னு சத்தார் பாய் வெச்சிட்டாராம்.

வடநாட்டு ஆளு பாய்லர உட்டுட்டு வண்டிகிட்ட வந்தாரு. நெருப்பு உஸ்ஸுன்னுது. எனக்கு இன்னா தோணுச்சோ, பொடவைய தூக்கிச் சொருகிக்கினேன். ஒரு காலத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு வண்டி மேல ஏறி ஒக்காந்துட்டேன். சீட்டு இல்ல, வெறும் இரும்பு. ஹேண்டில் பார ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினேன்.

"எறங்கு அத்த, குத்திடும்"னா சாந்தி.

"எறங்க மாட்டேன். வெட்டுறதா இருந்தா என்னையும் சேத்து வெட்டட்டும்."

அந்த ஆளு கண்ணாடியத் தூக்கி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அவரு பாஷையில ஓனருகிட்ட சொன்னாரு, உருது மாதிரிதான், எனக்குப் புரிஞ்சுது. லாரி வெட்டியிருக்கேன், ரயில் டப்பா வெட்டியிருக்கேன், மேல கெழவி ஒக்காந்திருக்கற வண்டிய வெட்டுனதில்ல, எனக்கும் ஆத்தா இருக்கான்னாரு. நெருப்ப அணைச்சிட்டு ரொட்டி துன்ன போய்ட்டாரு. ஓனரு வாச்ச பாத்தாரு. லாரி வர்ற வரைக்கும்தான்னு சொல்லிட்டு உள்ள போனாரு.

வெயிலு ஏறுச்சு. சாந்தி துப்பட்டாவ எடுத்து என் தலையில போட்டா. மறுபடியும் போன் போட்டா, எடுக்கல. மறுபடியும் போட்டா. அப்புறம் வண்டிய, என்னையும் சேத்து, போட்டோ புடிச்சி சத்தார் பாய் மகளோட போனுக்கு அனுப்புனா. காலு மரத்துப் போச்சு. ரோட்டுல ஒவ்வொரு லாரி சத்தத்துக்கும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஒரு லாரி உள்ளயே வந்துச்சு. அது வேற லாரி, அட்டை ஏத்த வந்ததாம்.

அது பின்னாலயே ஒரு ஆட்டோ வந்துச்சு. சத்தார் பாய் எறங்குனாரு. வெள்ள தாடி, குல்லா, கையில கம்பு. மக ஒரு பக்கம் புடிச்சிருந்தா. என்னைப் பாக்கல. வண்டியத்தான் பாத்தாரு. ஒரு சுத்து சுத்தி வந்தாரு.

"இது என் வண்டி இல்ல. என் வண்டி செவப்பு"ன்னாரு.

அவரு இல்லன்னுட்டா அப்புறம் யாருகிட்ட போய் நிக்கறது? நான் மெல்ல எறங்கி ஒதுங்கி நின்னேன். அவரு குனிஞ்சாரு. சாவியால முன்பக்கத்து பைப்ப சொரண்டுனாரு. உள்ள செங்காவி பெயிண்டு தெரிஞ்சுது. இன்னும் சொரண்டுனாரு. அதுக்குக் கீழ தொரு. தொருக்குக் கீழ மறுபடியும் பெயிண்டு. பின்பக்கத்துல சொரண்டுனா வெறும் தொருதான். சீட்டுக்கு அடியில ஒரு தோலு, சுத்திக் கட்டுனது, கல்லு மாதிரி காஞ்சி ஒட்டியிருந்துச்சு. அத பிச்சாரு. வெள்ளையா பொடி கொட்டுச்சு. வெரல்ல தொட்டு நாக்குல வெச்சாரு.

"உப்பு"ன்னாரு. அப்பதான் என்னை நிமுந்து பாத்தாரு. "உப்புலயா வெச்சான்?"

"அவருக்குத் தெரிஞ்ச பத்தரம் அதானே பாய்"னேன். "தோலு வந்தா உப்பு போடுவாரு, கெடாது. வண்டிக்கும் அப்படித்தான்னு இருந்துருப்பாரு."

சாந்தியோட கம்பெனில கேட்டா சிரிப்பாங்க. உப்பு இரும்ப துன்னும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா காலம்பூரா தோல மட்டும் பாத்த ஆளு அவரு. மழைக்காலத்துல தோலு அழுகாம உப்பு காப்பாத்துறத பாத்துப் பாத்து, உலகத்துலயே பெரிய காவல்காரன் உப்புதான்னு நம்புனவரு. வூட்டுல என் வெள்ளிக் கொலுசக் கூட உப்புப் பானையில போட்டு வெச்சவரு.

சத்தார் பாய் மண்ணுலயே ஒக்காந்துட்டாரு. தேச்சிப் பாத்திருக்கான், பெயிண்ட் அடிச்சிப் பாத்திருக்கான், மறுபடியும் தொரு வந்திருக்குது, மறுபடியும் தேச்சிருக்கான், பாதிக்கு மேல முடியலன்னு, கையால காட்டிக் காட்டி மககிட்ட சொன்னாரு. எனக்கு அப்போதான் ஞாபகம் வந்துச்சு. சத்தார் பாய் சவுதில இருந்த வருசம் எங்க வூட்டுக்காரரு கையெல்லாம் செவப்பா இருக்கும். கேட்டா சாயம்னு சொல்லுவாரு. உப்பு குடோன்ல ஏது சாயம்னு நான் கேக்கல. அப்படி ஒரு வண்டிய இப்படி ஆக்கிட்டேன்னு தோஸ்த்துகிட்ட காட்ட மனசு வராம, திருடன்னு சொன்னா சொல்லட்டும்னு செவுத்த வெச்சி மறச்சிட்டாரு மனுசன்.

லாரி வந்துடுச்சு. ஓனரு வந்து, பெரியவரே, இன்னா பண்ணட்டும்னு கேட்டாரு. வேணும்னா எடுத்துக்குங்கன்னும் சொன்னாரு. சத்தார் பாய் கம்ப ஊனி எழுந்தாரு.

"வெட்டிக்கப்பா. இதுல தொருதான் இருக்குது, வண்டி இல்ல."

வெட்டுனாங்க. நான் கண்ண மூடிக்கல. அந்த மட்கார்டு கடைசியா உழுந்துச்சு.

சத்தார் பாய் அதப் பாக்காம எங்கிட்டதான் நின்னுக்கினு இருந்தாரு. "அவன எங்க வெச்சிருக்கீங்க தங்கச்சி?"ன்னு கேட்டாரு. எத்தன வருசம் கழிச்சி தங்கச்சின்றாரு. பாலாத்தங்கரையில பாய்னேன்.

மக வேணாம் வேணாம்னா, மறுநாள் போலாம்னா. கேக்கல. எங்க கூடவே பஸ்ஸுல ஏறிட்டாரு. டிக்கெட்டு எடுக்க சாந்திய உடல. பள்ளிகொண்டா வரைக்கும் கம்ப மடியில வெச்சிக்கினு வந்தாரு. அதுக்கப்புறம் சவுதில துன்ன ரொட்டியப் பத்தி பேச ஆரம்பிச்சாரு, நிறுத்தவே இல்ல. நான் மக்கன் பேடாவப் பத்தி சொன்னேன். சாந்தி ஜன்னல்ல சாஞ்சி தூங்கிட்டா, பாவம்.

ஆம்பூர் பஜார்ல எறங்கி நடந்தோம். அவர அடையாளம் தெரிஞ்சவங்க நாலு பேரு சலாம் போட்டாங்க. பீடிக்கடைக்காரரு கேட்டாரு, இன்னா பாய், வண்டிமுழுங்கி வூட்டு ஆளுங்களோட போறீங்கன்னு. சத்தார் பாய் நின்னாரு. அங்க இருந்தவங்களுக்கெல்லாம் கேக்கற மாதிரி சொன்னாரு.

"முழுங்கல. உப்புல ஊறப் போட்டுட்டான், முட்டாளு."

நாங்க நடந்துட்டோம்.

சாயங்காலம் ஆத்தங்கரை. பொதச்ச மேடு கரைஞ்சி போய் இப்போ தரை மட்டமா இருக்குது, நான்தான் எடத்தக் காட்டுனேன். சத்தார் பாய் குல்லாவ சரி பண்ணிக்கினாரு. துவா ஓதுவாருன்னு நான் முக்காடு போட்டுக்கினேன், சாந்தியையும் போடச் சொன்னேன். அவரு கம்பால தரையத் தட்டுனாரு, கதவத் தட்டுற மாதிரி.

"டேய் ஏழுமல. தொரு புடிச்சா இன்னாடா இப்போ? நான் ஃபிட்டரு இல்லியாடா? என் முன்னால தள்ளிக்கினு வந்திருந்தா ரெண்டு பேரும் ஒக்காந்து தேச்சிருக்க மாட்டோமா? செவுத்த வெச்சி மூடுற அளவுக்கு நான் இன்னாடா உனக்கு, போலீஸா?"

அதோட நிக்கல. எங்க வூட்டுக்காரர அவங்க அப்பன் தாத்தன் வரைக்கும் இழுத்துத் திட்டுனாரு. பொழுது எறங்கற வரைக்கும் திட்டுனாரு. சாந்தி என் தோள்ல கை வெச்சி, "அத்த, நிறுத்தச் சொல்லட்டா?"ன்னு காதுல கேட்டா.

வேணாம்னேன். திட்டட்டும். தோஸ்த்ததானே திட்டுறாரு.